அவசரம்

கல்லூரி வேதியியல் கூடத்துக்குள்
இருநூற்று நாற்பத்தாறு பெட்டிகள்.
கதவுக்கு இரட்டைப் பூட்டு, அரக்கு,
அரக்கின் மேல் எங்கள் ஏழு பேர் கையெழுத்து.
வராந்தாவில் ஒரு டிவி:
பூட்டிய கதவை நாள் முழுக்கக் காட்டும்
ஒரே சேனல்.

பத்தொன்பதாம் இரவு.
விரல் மை நகத்தோடு மேலேறி
அடியில் பிறைபோலப் புது நகம்.
தேசிங்கு அந்தக் கட்சி, நான் இந்தக் கட்சி.
கொசுவத்தியில் மட்டும் கூட்டணி.

போன சனிக்கிழமை கரண்ட் போய்
திரை இருண்டு கிடந்தது பதினோரு நிமிடம்.
அதற்குள் எங்கள் பக்கம் ஒரு கதை முளைத்தது,
அவர்கள் பக்கம் ஒன்று.
இரண்டு நாளில் டெல்லியிலிருந்து பெரிய கதை வந்து
இரண்டையும் விழுங்கியது:
எந்த நாட்டிலிருந்தோ யாரோ கை நீட்டினார்களாம்,
எண்ணிக்கைக்குள் விரல் விட்டார்களாம்.
நாடு முழுக்க நெருக்கடி நிலை வரலாம்.
எண்ணுவது தள்ளிப் போகலாம்.

லாம்.
கடலூருக்குத் தெரியாத விகுதியா?
கரையைக் கடக்கலாம், கெடிலம் பெருகலாம்,
தாழ்வான பகுதிகளில் நீர் புகலாம்.
ஆனால் அதற்குத் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள்.
ஒன்று என்றால் எங்கோ தூரத்தில்.
மூன்று என்றால் வலையைச் சுருட்டு.
பத்து என்றால்
ரேஷன் கார்டைப் பாலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டு.
இதற்கு எந்த எண்? எந்தக் கம்பத்தில்?

'தானே' என்று ஒரு புயல் வந்தது.
தானே வந்தது, பலாவையும் முந்திரியையும்
வேரோடு புரட்டிவிட்டுத் தானே போனது.
இது தானே வராது.
ஒரு மேசை வேண்டும், ஒரு பேனா,
ராத்திரி விழித்திருக்கும் ஒருவர்.
தானே போகவும் போகாது.

தேசிங்கு பிறந்தது எழுபத்தைந்து ஜூலை.
"போன தடவை வந்தப்ப நான் தொட்டில்ல கெடந்தேன்.
அப்பா கேப்பர் மலை ஜெயில்ல.
அவர் வெளிய வந்தப்ப நான் நடக்க ஆரம்பிச்சுட்டேன்.
தூக்க வந்தாராம்.
யாரோ ஆளுன்னு ஓடிட்டேனாம்."
சொல்லிவிட்டுக் கைபேசியைத் திறக்கிறார்.
அவர் கட்சிக் குழுவில்
வரட்டும், வரட்டும் என்று பூங்கொத்துகள்.
விரல் திரைக்கு மேலேயே நிற்கிறது. எதையும் தொடவில்லை.

என் லட்சணம் என்ன?
எங்கள் வேட்பாளர் நிலவரம் எனக்குத் தெரியும்.
எண்ணாவிட்டால் தோற்கவும் மாட்டோம்.
வந்து உட்கார்ந்தது அந்த நினைப்பு, காதோரம்.
பட்டென்று அடித்தேன்.
கையைப் பார்த்தால் ரத்தம் இல்லை.
செத்ததா, பறந்ததா,
இன்னும் இங்கேதான் சுற்றுகிறதா.

மணி இரண்டரை. சிப்காட் வாடை வருகிறது,
அழுகிய முட்டையும் சூடான ரப்பரும்.
காற்று தெற்கே திரும்பிவிட்டது.
இந்த ஊரில் மூக்குதான் எங்களுக்குத் திசைகாட்டி.
துப்பாக்கியோடு நிற்கும் ஒடிசா பையன்
முகத்தைத் தோளில் புதைத்துக்கொள்கிறான்.

"அவசரம்" என்று எழுகிறார் தேசிங்கு.
எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.
"போட்டுட்டானுங்களா? எப்ப? எந்தச் சேனல்ல?"
அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
கழிப்பறைப் பக்கம் கை காட்டுகிறார்.
சிரிக்கக்கூட நேரமில்லை அவருக்கு.
"என் பங்குக்கும் சேர்த்துப் பாரு.
கண்ண எடுத்துடாத."

டார்ச் வெளிச்சம் தாழ்வாரத்தில் ஆடி ஆடிப் போகிறது.
நாற்காலியைத் திரைக்கு அருகே இழுக்கிறேன்.
பத்தொன்பது நாளில் அந்தக் கதவை
இப்படிப் பார்த்ததில்லை.
தாழ்ப்பாளின் கீழே ஒரு பல்லி இருக்கிறது,
வால் அறுந்தது.
பின்னால் குழாய்த் தண்ணீர் பக்கெட்டில் விழும் சத்தம்.

திரை ஒரு தடவை துடித்து
கறுப்பாகிறது.
அவர் வந்தால் கேட்பார், சரியாகச் சொல்ல வேண்டும்.
எண்ணத் தொடங்குகிறேன், வாய்விட்டு.
ஒன்று.
இரண்டு.