மறுமுனை

எட்டடிப் பலகை ரம்பத்தைத் தாண்டியதும்
தலை தொங்கும்.
"பிடி" என்பார் தேவேந்திரன்.
உலை கொதிக்கக் கொதிக்கப் போய்ப் பிடித்தேன்,
பதினோரு வருடம்.

துறைமுக வேலியோரம் கிடந்த பாலெட் இரண்டு, சும்மா.
திருகாணி, ஆ செங் கடையில் நான்கு வெள்ளி.
மேலே உருள என் சப்பாத்திக் கட்டை.
மாவை இனி போத்தலால் தேய்த்துக்கொள்ளலாம்.

மூன்று கால்தான்.
பட்டர்வொர்த் கொட்டகைத் தரைக்கு
நான்கு கால் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

உயரம், ரம்ப மேசைக்கு
ஒரு நூல் தாழ்வு.
உயர்ந்தால் பலகை முட்டி நிற்கும்,
அது எனக்குத் தெரியும்.

இன்று காலை பழக்கத்தில் "பிடி" என்றார்.
பலகை தானே போய்க்
கட்டைமேல் உட்கார்ந்தது.
அவர் திரும்பவில்லை.

நான் ஃபெரியில் நிற்கிறேன்.
இரண்டு கையையும்
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.