ரேகை

கட்டணம் கிடையாது என்று
மூன்றாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதியிருந்தார்கள்.
இனயம் பள்ளிக்கூடம்.
வாய்ப்பாட்டை முழுதாக அழிக்கவில்லை.

பாஸ்போர்ட்டை நெத்தலியோடு காயப்போட்டு
எடுத்துப்போயிருந்தேன்.
கத்தார் விசா அடுத்த பக்கத்தில்
தலைகீழாகப் பதிந்திருந்தது.
முகம் இருந்த இடத்தில் உப்பு.

"பேரு?"
ததேயுஸ் மகன் பெர்க்மான்ஸ்.
"ஆதார்?"
அதுவும் கடல்லதான் சாரே.

விரல் வைக்கச் சொன்னார். கருவி சிவந்தது.
துடைத்து வைத்தேன். சிவந்தது.
பத்தும் சிவப்பு.

அன்றைக்கு ராத்திரி கடல் வந்து எடுத்தது
காகிதத்தை மட்டும்தான்.
ரேகையைப்
பதினாறு வயசிலிருந்தே
கயிறு கயிறாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வரிசையில் பின்னால் நின்ற செலஸ்டீனா
எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"இவன எனக்குத் தெரியும் சாரே.
மூவாயிரம் ரூவா தரணும்."

அதிகாரி பேனா மூடியைக் கடித்தபடி
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
அதை எழுத
ஒரு கட்டம் தேடி.