எங்கே வலிக்கிறது

திங்கள்கிழமை முழங்கால் என்றாள் சுகிர்தா.
புதன்கிழமை தோள்.
வெள்ளிக்கிழமை, கொஞ்சம் யோசித்து,
கணுக்கால்.

பெரியமேடு மைதானத்துக் கம்பிவேலியோரம்
முதலுதவிப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவள் நான்.
எனக்கு ஓட வராது. டேப் சுற்ற வரும்.
அழுத்திப் பார்த்தேன்: வீக்கமில்லை, சூடில்லை.

மாநிலப் போட்டிக்கு இன்னும் பதினோரு நாள்.
கோச் ஸ்டாப்வாட்சைப் பார்க்கிறார்.
அவள் அப்பா வாட்சப்பில் டைமிங் கேட்கிறார்.
டிபன் டப்பா திறக்காமலே
வியாசர்பாடிக்குத் திரும்பிப் போகிறது.

நேற்று ஐஸ் பையை நீட்டினேன்.
வாங்கினாள். எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடியிலேயே வைத்துக்கொண்டாள்.
அது உருகி, ஷார்ட்ஸ் நனைந்து,
சிமென்ட் படியில் வழிகிறவரை
இரண்டு பேரும் பேசவில்லை.

"தூங்கி எத்தனை நாளாச்சு?"
"எண்ணல."
நொடியை நூறாகப் பிளந்து எண்ணுகிறவள்.

இன்று பயிற்சி நேரத்தில் பஸ்ஸில் இருக்கிறோம்.
கண்டக்டரிடம் "கீழ்ப்பாக்கம் ரெண்டு" என்றேன்.
ஊரே கேலிக்கென்று வைத்திருக்கும் பெயர்.
சட்டென்று சிரித்துவிட்டாள்,
பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கோச்கிட்ட என்ன சொன்ன?"
"அடிபட்டிருக்குன்னு."
"எங்கேன்னு கேட்டாரா?"

கேட்டார்.
ஸ்டாப் வந்துவிட்டது.
அவள் பையையும் நானே தூக்கிக்கொண்டேன்.