எந்தப் ப?

கடலைக் காட்டில் பன்றி.
அதற்குத்தான் விண்ணப்பம்:
ஒற்றைக்குழல் துப்பாக்கி, பயிர்ப் பாதுகாப்பு,
பரதராமிக்கு வடக்கே இரண்டே முக்கால் ஏக்கர்.
வரப்பைத் தாண்டினால் ஆந்திரா.

"பேர்?" என்றேன்.
பங்காரய்யா என்றார்.
எழுதிக்கொண்டேன். நமக்கு ஒரே ப.
பல்லுக்கும் அதுதான், பயத்துக்கும் அதுதான்.
வாய் பார்த்துக்கொள்ளும் என்று
கை விட்டுவிடும்.

கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் கேட்டது.
என் தாளைப் பார்த்து அடித்தான் பையன்.
பி.
பெங்களூருக்குப் போடும் பி அல்ல,
பழனிக்குப் போடும் பி.
(பாருங்கள், இங்கேயும்
ஊர் பேர் சொல்லித்தான் விளக்க வேண்டியிருக்கிறது.)
திரை சற்று யோசித்து
பதிவு ஏதும் இல்லை என்றது.

யாதமரி ஸ்டேஷனுக்கு
ஒரு கடிதம் போட்டிருக்கலாம்.
காலை பஸ்ஸில் போனால்
மத்தியானச் சோற்றுக்குத் திரும்பலாம்.
அந்த வாரம் குடியாத்தத்தில்
கெங்கையம்மன் சிரசு, பந்தோபஸ்து.
"ஆட்சேபணை இல்லை" என்று எழுதி வைத்தேன்.
ஸ்டேஷன் ரைட்டர்களில் என் கையெழுத்து அழகு.
எஸ்.ஐ. படிக்காமலே ஒப்பமிடுவார்.

மறுவருஷம் ஆடியில்
இரண்டு ராத்திரி வெடிச்சத்தம் கேட்டது.
பன்றிதான் என்று
திரும்பிப் படுத்தேன்.
பன்றிதான்.
காலையில் தெருவெல்லாம் கறி வாசம்.

ஆவணியில் சித்தூர் பஸ்ஸிலிருந்து
ஒருத்தி இறங்கி வந்தாள்.
அவருடைய தம்பி பெண்டாட்டி.
தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடித்தாள்
ஒவ்வொரு வாக்கியத்தையும்.
ரேகை வைக்க வந்தவள்போல
வலது கையை மேசைமேல் விரித்தாள்.

மூன்று விரல்.

மற்ற இரண்டும் யாதமரிக் கேஸ் கட்டில்,
"கொடுவாள் ஒன்று, பிடி உடைந்தது"
என்கிற வரிக்குப் பக்கத்தில்.
பதினோரு வருஷமாய் வாய்தா.

"அவருக்கா குடுத்தீங்க?"
அவ்வளவுதான் கேட்டாள்.
சத்தம் போட்டிருந்தால்
நானும் போட்டிருப்பேன்.

உரிமத்தை ரத்துசெய்ய
வேலூருக்கு எழுத வேண்டும்.
அதற்கு முதலில் மனு வேண்டும்,
மனுவுக்கு மனுதாரர்.
வெள்ளைத் தாள் எடுத்தேன்.

"பேர்?"
"பாக்யம்மா."

பேனா நின்றது.
"எந்தப் ப?"
அவளுக்குப் புரியவில்லை.
தொண்டையில் கை வைத்து
இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

வைத்தாள்,
அந்தக் கையை.