நிமிடத்துக்கு இருபது

பில்லில் எல்லாம் மலையாளம்.
எண்கள் மட்டும் எங்களுக்கும் வலிக்கிற மொழியில்:
இரண்டு மாசத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
ஒரு படுக்கையறை, ஹால் என்று சொல்லிக்கொள்ளும் ஒன்று,
நின்றால் இரண்டு பக்கமும் முழங்கை இடிக்கிற அடுக்களை.
கொழிஞ்சாம்பாறையில் இதற்கு ஃபிளாட் என்று பெயர்.

செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் முதல் நூறு சும்மா
என்று பொள்ளாச்சிக் கொழுந்தன் போனில் சிரித்தான்.
பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம்கூடக் கொள்ளாத தூரம்.

முதலில் பழியை வீட்டுக்குள்ளேயே பங்கு வைத்தோம்.
அவர் சொன்னது என் இஸ்திரிப்பெட்டியை.
நான் சொன்னது, ஹாலில் ஃபேனைச் சுழலவிட்டு
அவர் பாத்ரூமில் பேப்பர் படிப்பதை.
ஃபிரிட்ஜ் கதவில் பத்து ரூபாய்த் தாளைச் செருகி இழுத்தேன்.
வழுக்கிக்கொண்டு வந்தது. திருடன் அகப்பட்டான் என்று
ரப்பர் மாற்றினோம், அறுநூற்றைம்பது.
அடுத்த பில் நானூற்றுப் பத்தொன்பது.

நான் மில்லில் எடைமேடைச் சீட்டு எழுதுகிறவள்.
வந்த லாரியிலிருந்து காலி லாரியைக் கழித்தால்
சரக்கு தெரிந்தாக வேண்டும்.
ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு
வீட்டைக் காலி லாரி ஆக்கினோம்.
விளக்குகள், ஃபேன், ஃபிரிட்ஜின் பிளக், கொசு மெஷின்,
கடைசியாக மாதா படத்துச் சின்ன பல்பு.
ஐந்து நிமிஷம்தான், என்றார் அமல்தாஸ் படத்திடம்.

படிக்கட்டுக்குக் கீழே மீட்டர். மொபைல் வெளிச்சம்.
மூவாயிரத்து இருநூறு சிமிட்டல் ஒரு யூனிட் என்று
அதன் நெற்றியிலேயே அச்சடித்திருந்தது.
காலி லாரி எடை காட்டக் கூடாது.
காட்டியது.
சிவப்புப் புள்ளி, மூன்று விநாடிக்கு ஒருதரம்,
அவசரமே இல்லாமல்.
நான் எண்ணினேன், அவர் எண்ணினார்,
பதினொன்றா பன்னிரண்டா என்று சண்டை போட்டு
மறுபடி எண்ணினோம். நிமிடத்துக்கு இருபது.

“மெயினை இறக்கு.”
இறக்கினேன்.

பக்கத்துக் கதவுக்குள் ஏதோ முனகி நின்றது.
ஆறு மாசமாகத் தண்ணி மோட்டார் என்று நினைத்து
நாங்கள் தூங்கப் பழகிய சத்தம்.
நின்றபோதுதான் தெரிந்தது, அது கல் உருளும் சத்தம்.
“கரண்டு போச்சா, இல்ல எனக்கு மட்டுமா?”
சைத்தூன் அக்கா வெளியே வந்தாள்,
முழங்கை வரை உளுந்து.

ஒரே வீட்டைப் பலகையடித்து இரண்டாக்கிய சசீந்திரன்
ஆளைப் பிரித்திருக்கிறார், வயரைப் பிரிக்கவில்லை.
கரண்டுக்கென்று தனியாக மாசம் எழுநூறு
அவளிடமும் வாங்கியிருக்கிறார், சீட்டு இல்லாமல்.
அவள் சொல்லச் சொல்ல
எனக்குள் கழித்தல் தானாக நடந்தது:
கிரைண்டர், மாவு வைக்கிற பழைய ஃபிரிட்ஜ்,
அவை ஏற்றிவிட்ட ஸ்லாபு.
அப்புறம், வாரம் மூன்று பாக்கெட், நாற்பது நாற்பதாக,
அவளிடமே நாங்கள் வாங்கித் தின்ற இட்லி மாவு.
எங்கள் கரண்டில் அரைத்தது, எங்களுக்கே.

எனக்குச் சிரிப்பு வந்தது. அமல்தாஸுக்கு வரவில்லை.
அவளுக்கும் வரவில்லை. எழுநூறு இன்ட்டு பதினாலு என்று
உளுந்துக் கையால் காற்றில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“காலையில போய்க் கேட்டுடலாம், மூணு பேருமா.”
“நீங்க கேளுங்க தம்பி. நான் கேட்டா
வீட்டக் காலி பண்ணுன்னுவான்.”
இதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.
கொஞ்ச நேரம் கழித்து அவளே,
“பாதியில நிக்குது. ஆறிட்டா மாவு பொங்காது.
இத மட்டும் முடிச்சிக்கட்டுமா?”

கைப்பிடியை மேலே தள்ளினேன்.
கல் உருண்டது.
எங்கள் பக்கம் இன்னும் இருட்டுதான்,
எதையும் போடவில்லை.
மூன்று பேரும் அந்தப் புள்ளியைப் பார்த்து நின்றோம்.
பதினேழு, பதினெட்டு.
சத்தமாக எண்ணியது அவள்.