மணிச்சத்து: மிகை

கடலூர் ஆய்வுக்கூடத்திலிருந்து
வாட்ஸ்அப்பில் வந்தது மண்ணின் ரிப்போர்ட்.
தழைச்சத்து: குறைவு.
சாம்பல்சத்து: மத்திமம்.
மணிச்சத்து: மிகை.

மிகைன்னா என்னங்க என்றேன்,
பாலூரில் மானியப் படிவம் சரிபார்க்கிற
ரெஜினா மேடத்திடம்.
"இருக்குதுக்கா. நெறையவே இருக்குது.
வேரு எடுத்தது போக
நீங்க மேல மேலப் போட்ட டிஏபி எல்லாம்
மண்ணோட சேந்து பூட்டிக்கிச்சு."

இருபத்திரண்டு வருடம்.
கரும்புக்கு ஏக்கருக்கு மூன்று மூட்டை,
பக்கத்து வயலின் பச்சையைப் பார்த்துவிட்டு
அவர் வாங்கி வந்த நாலாவது.
நாலாவதுக்குத்தான் என் தோடு போனது,
திரும்பி வந்தது, மறுபடி போனது.
நெல்லிக்குப்பத்து அடகுக்கடையில் இருப்பதாக
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
இங்கேயே, ஒரு சாண் ஆழத்தில்,
மிதித்து மிதித்துத்தான் நடந்திருக்கிறேன்.

சொட்டுநீர் மானியத்துக்குச்
சிட்டா, அடங்கல், வரைபடம்,
சிறு விவசாயி சான்று,
பாட்டிலில் ஒரு லிட்டர் போர் தண்ணீர்.
சிட்டாவில்
'தெய்வசிகாமணி மற்றும் மூவர்.'
மூவரில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்தாயிற்று,
இரண்டாவது ஆள் என் வீட்டுக்காரர்.
மிச்சமிருக்கிற 'மற்றும்' நான்தான் என்று
எழுதி வாங்கப் பதினோரு நடை.
பன்னிரண்டாவது, நெய்வேலிக்கு.
மூத்தார் பேனாவைத் திறந்துவிட்டுக் கேட்டார்:
"தண்ணி மட்டும்தான? நெலத்தக் கேக்கலியே?"
தண்ணி மட்டும்தான் என்றேன்.
போட்டுவிட்டார்.

முழு மானியம் என்றார்கள்.
குழாய் புதைக்கப் பள்ளம் வெட்டிய கூலி
அந்த முழுவில் சேராது.

மும்முனை கரண்ட் வந்தது இரவு பதினொன்றரைக்கு.
மடை திறந்தால் கேட்கிற சத்தத்துக்குக்
காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
டார்ச் அடித்துப் பார்த்தால்
கண்ணுக்கு மருந்து விடுகிற மாதிரி
ஒவ்வொரு தூருக்கும் ஒரு சொட்டு, அப்புறம் ஒரு சொட்டு.
வாளியில் கரைத்த யூரியாவை
வெஞ்சூரிக் குழாய் உறிஞ்சிக்கொண்டது,
கைக்குழந்தை பால் குடிக்கிற வேகத்தில்.
மடைக்காக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு
இவரும் பக்கத்து வயல் சிங்காரமும்
ஒருத்தரை ஒருத்தர் அம்மாவைச் சொல்லித் திட்டிய வரப்பு
காய்ந்து கிடந்தது.

மூன்றாம் நாள் அணில் ஒரு குழாயைக் கடித்துவிட்டது.
பீய்ச்சியடித்த தண்ணீரை விரலால் பொத்திக்கொண்டு
நான் உட்கார்ந்திருந்தபோதுதான்
ஆய்வுக்கு வந்தார்கள்.
"எழுந்து நில்லுங்கக்கா, முகம் தெரியணும்,
குழாயும் தெரியணும்."
படத்தின் அடியில் தேதி, நேரம்,
பூமியில் நான் நிற்கிற இடத்துக்கு இரண்டு எண்கள்,
பயனாளி: அஞ்சலாட்சி.
பாவாடை நனைந்திருந்தது.
இன்னொன்று எடுங்க என்று சொல்ல வாய் வரவில்லை.

உள்ளே இருப்பதைக் கரும்பு தின்று தீர்க்க
ஆறேழு போகம் ஆகுமாம்.
வட்டி அத்தனை நாள் பொறுக்காது.
அது வேறு கணக்கு.

நேற்று உரக்கடையிலிருந்து ஃபோன்:
"டிஏபி லோடு வந்திருக்கு, அப்புறம் கெடைக்காது,
ஒங்களுக்கு நாலு எடுத்து வைக்கட்டா?"
ஃபோனை மாற்றி வைக்கும்போது
தூர்ந்துபோன காதுத்துளை விரலில் பட்டது.
வேணாங்க என்றேன்,
இருக்குது.