பட்டினம்

எங்கள் ஊர்ப் பெயரில் காவேரி இருக்கிறது,
ஓடுவது தென்பெண்ணை.
பட்டினம் என்றும் இருக்கிறது,
கடலுக்கு லாரியில் ஒரு ராத்திரி ஆகும்.
யார் வைத்த பெயரோ.
எடைமேடைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து
ஒரு நாளைக்கு நாற்பது சீட்டில் அதை அடிக்கிறேன்:
புறப்படும் இடம், காவேரிப்பட்டினம்.

பங்குனியிலிருந்து சேருமிடம் மாறிவிட்டது.
அதுவரை சமையல்மேடை, கல்லறைப் பலகை,
ஏதோ ஓர் ஊர் விமான நிலையத்தின் தரை.
இப்போது அக்கரையில் ஒரு துறைமுகம்.
குண்டு விழுந்து, கப்பல் மூழ்கி,
முள்வேலிக்குள் முப்பது வருஷம் கிடந்த துறை.
தூர்வாரி ஆழமாக்கி, கிரேன் நிறுத்தி,
திரும்பவும் சிமெண்டும் வெங்காயமும் இறக்கப் போகிறார்களாம்.
கரையின் ஓரக்கல் மட்டும் எங்கள் கருங்கல்.
வேலை வரும், வியாபாரம் வரும், ஊர் நிமிரும்
என்றார் ஆர்டர் கொண்டுவந்தவர்.
முதலாளி திம்மராயப்பா கேட்டது ஒன்றுதான்:
முன்பணம் எத்தனை சதவீதம்?

வரைபடம் வந்தது.
நீளம் ஆயிரத்து இருநூறு மில்லி, கனம் நானூறு.
எடை, என் கணக்குப்படி, எழுநூற்று எண்பது கிலோ.
இரும்பு வளையம் மாட்ட ஒரு துளை.
கடலைப் பார்க்கும் விளிம்பு மட்டும்
கூர் இல்லாமல் உருண்டிருக்க வேண்டும்.
எதற்கென்று பட்டறையில் யாருக்கும் தெரியவில்லை.
பாலிஷ் போடும் குகதாசன்தான் சொன்னான்,
"கயிறு உரஞ்சினாலும் அறாமல் கிடக்க."

அணைக்கட்டு முகாமிலிருந்து சைக்கிளில் வருகிறவன்.
அஞ்சு வயதில் படகேறினானாம்.
அந்தத் துறையைப் பற்றிக் கேட்டால்
எண்ணெய் வாசனை, அப்பாவின் தோள், ஆலைச் சங்கு
என்று மூன்று சொல்வான்.
நான்காவது கிடையாது.
முகாமில் பிறந்த மகள் கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள்.
வருவாய் ஆய்வாளர் வந்து ஆள் எண்ணும் நாளில்
இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடுவான்.

கல்லுக்கு நடைச்சீட்டு உண்டு.
ஏற்றுமதிச் சான்று உண்டு.
கல்லை அடைத்த மரப்பெட்டியில் பூச்சி இல்லை என்று
அதற்கும் ஒரு சான்று.
முத்திரை குத்தும்போது நான் அவன் பக்கம் பார்ப்பதில்லை.

"நீ போவியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன்.
டீ ஆறும் வரை பேசவில்லை.
"துறைமுகம் திறந்தால் வேலை இருக்குமாம்.
கிரேன் ஓட்ட ஆள் எடுப்பினமாம்.
எனக்குக் கல்லுத்தானே தெரியும்.
எங்கட காணி வேலிக்கு அங்கால இன்னும்..."
மிச்சத்தை டீயோடு குடித்துவிட்டான்.

ஆடியில் பரிசோதகர் வந்தார்.
ஒவ்வொரு கல்லிலும் தண்ணீர் ஊற்றி
காயும்போது குனிந்து பார்த்தார்.
ஒன்றில் மட்டும் ஈரம் மயிரிழையாக நின்றது.
சிவப்புச் சுண்ணக்கட்டியில் ஒரு பெருக்கல் குறி.
மற்ற அறுநூற்றுப் பத்தும் ஏறிப் போயின,
சுங்கச்சாவடி வரிசையில்
கூழ் ஆலைக்குப் போகும் மாங்காய் லாரிகளுக்கு நடுவே,
பெங்களூரா வாசனையைப் பூசிக்கொண்டு.

வேண்டாத கல்லைக் குகதாசன் கேட்டான்.
சம்பளத்தில் இருநூறு ரூபாய் கழித்துக்கொண்டார் திம்மராயப்பா.
டிராக்டரில் ஏற்றினோம்.
பழக்கதோஷம், சீட்டு அடித்தேன்.
புறப்படும் இடம், காவேரிப்பட்டினம்.
சேருமிடத்தில் விரல் நின்றது.
காலியாகவே விட்டேன்.

தங்கை கல்யாணப் பத்திரிகை கொடுக்க
போன ஞாயிறு முகாமுக்குப் போனேன்.
கல் குழாயடியில் கிடக்கிறது.
ஒரு பக்கம் துணி துவைக்கிறார்கள்.
மறு பக்கம் தண்ணீர் வரும் நேரத்துக்கு முன்பே
பத்துப் பதினைந்து குடங்கள் வந்து அணைந்து நிற்கின்றன.
வளையத்துக்குப் போட்ட துளையில்
யாரோ ஒரு வெள்ளாட்டைக் கட்டியிருந்தார்கள்.
எட்டாத வேப்பங்கொத்துக்காக
அது இழுக்கிறது, விடுகிறது, இழுக்கிறது.
காலையிலிருந்து இப்படித்தான் என்றாள் துவைத்துக்கொண்டிருந்தவள்.

பத்திரிகைப் பையைக் கீழே வைத்தேன்.
விளிம்பில் உரசும் இடத்தில்
கயிற்றைப் பிடித்துத் தடவிப் பார்த்தேன்.
ஒரு நூல் பிரியவில்லை.